ஹரிஷ் பெயரில் ஒரு மோடம்

என் வீட்டுக்காரர் கோதண்டராமன் எந்தக் கடையிலும் தன் பெயரைச் சொல்ல மாட்டார். பில் போடக் கேட்டால் "ஹரிஷ்" என்பார். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் கிடையாது. "பேரைக் குடுத்தா அட்ரஸ் கேப்பான், அட்ரஸைக் குடுத்தா வீட்டுக்கே வந்து நிப்பான்" என்பது அவர் கட்சி. இந்த மனுஷனோடு தொம்மலூரில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

அரசாங்க வேலையை விட்டபின், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக் கொடுத்தார். எங்களுக்கு அது ஒன்றுதான் வரும்படி. ப்ளாப்பியில் பதிந்து பஸ்ஸில் கொண்டுபோவார். தொண்ணூற்றேழில் யாரோ கொண்டுவந்த ப்ளாப்பியால் அங்கே வைரஸ் புகுந்துவிட, கேட்டிலேயே ப்ளாப்பிக்குத் தடை போட்டார்கள்.

"இனிமே மோடம் வெச்சு போன் லைன்ல அனுப்புங்க சார். சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வரலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும்" என்றார் அங்கிருந்த எஞ்சினியர் சேஷகிரி. "சிவாஜிநகர்ல ஆம்ப்ரோஸ் கடைக்குப் போங்க, என் பேரைச் சொல்லுங்க."

"பேரைச் சொன்னா சேஷகிரிக்குக் கமிஷன்" என்றார் வீட்டுக்காரர் என்னிடம். வியாழக்கிழமை அந்தக் கடைக்கே ஹரிஷாகப் போனார். நானும் கூடப் போனேன்.

"நீங்க அனுப்பற பக்கம் என்ன மோடம் சார்?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

"அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"வேகம் மட்டும் போதாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். நம்பர் குடுங்க, இங்கிருந்தே போட்டுப் பாத்துடலாம்."

நம்பரைக் கொடுத்தால் வாடிக்கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவானாம். கொடுக்கவில்லை இவர். ஆம்ப்ரோஸ் முப்பத்துமூன்று வேகம் போதும் என்று விலை குறைந்த ஒன்றை எடுத்து வைத்தார். "மலிவானதைத் தள்றான்னா பழைய சரக்கு" என்று என் காதில் கிசுகிசுத்துவிட்டு, இவர் ஷெல்ஃபில் தனியாக இருந்த டப்பாவைக் காட்டினார்.

"அது ஒருத்தருக்காகச் சோதிச்சு வெச்சிருக்கேன், தர முடியாது சார்."

நல்லதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று இவருக்கு உறுதியாகிவிட்டது. வீம்புக்கு இருப்பதிலேயே வேகமான ஐம்பத்தாறை வாங்கினார். பில் ஹரிஷ் பெயரில். "சேரலைன்னா கொண்டாங்க, மாத்திக்கலாம்" என்றார் ஆம்ப்ரோஸ்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். மோடம் கீச்சென்று கத்தும், பிடிக்கும், அரை நிமிஷத்தில் அறுந்துவிடும். முதலில் லைன்மேனைச் சந்தேகப்பட்டார். பிறகு சேஷகிரியை. ஒன்பதரைக்கு என் பக்கம் திரும்பினார்.

"நீ உள் ரூம் போனை எடுத்து லைனை அறுத்தியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அந்தப் பக்கமே போகாமல் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். மோடத்தைப் பிடுங்கிப் பையில் போட்டேன், ப்ளாப்பியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார்.

கடைக்குள் நுழைந்ததும் நானே சொன்னேன். "பொம்மசந்திராவுக்கு அனுப்பணும். சேஷகிரி சார் கம்பெனி."

ஆம்ப்ரோஸ் இவரையே பார்த்தார். "உங்க பேரு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கோதண்டராமன்."

ஆம்ப்ரோஸ் ஷெல்ஃபிலிருந்து அந்தத் தனி டப்பாவை இறக்கித் திருப்பி வைத்தார். மறுபக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது: கோதண்டராமன், தொம்மலூர்.

"கம்பெனிக்கு மோடம் போட்டதே நான்தான் சார். பழைய மாடல், எல்லாத்தோடயும் பேசாது. அதான் சேஷகிரி சார் சொன்னதும் ஒண்ணைப் பொருத்திப் பாத்து எடுத்து வெச்சேன். மூணு நாளா ஆளைக் காணோமேன்னு பாத்துட்டிருந்தேன்."

கடைக் கம்ப்யூட்டரில் அதை மாட்டி, ப்ளாப்பியைப் போட்டு, அவரே நம்பரை அழுத்தினார். பதினொன்று ஐம்பதுக்கு டிராயிங் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சேஷகிரி போனில் சொன்னார். ஐம்பத்தாறைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பில்லில் ஹரிஷை அடித்து, கோதண்டராமன் என்று எழுதிக் கொடுத்தார் ஆம்ப்ரோஸ்.

திரும்பும்போது ஆட்டோவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டோ அல்சூர் ஏரியைத் தாண்டியது.

"போனை நீ எடுக்கலை" என்றார்.

"இல்லை" என்றேன்.