பால் சிவக்கவில்லை

பழங்காநத்தம் கனகலட்சுமி குங்குமப்பூவைத் திருடிக்கொண்டு பாலில் மஞ்சள்தூளைக் கலக்கிவிட்டாள் என்று ஒரு பேச்சு. வில்லாபுரத்தில் கிளம்பி பழங்காநத்தம் வந்து சேர்வதற்குள் ஒரு டப்பா மூன்று டப்பாவாகியிருந்தது. கிளப்பிவிட்டவரோ ஓய்வுபெற்ற ஆசிரியை அகிலாண்டம்; பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சரி, விசாரித்துத்தான் பார்ப்போமே என்று போனால் இன்னும் மோசம். டப்பா கனகலட்சுமியின் பையில்தான் இருந்தது.

கனகலட்சுமி விசேஷ வீடுகளுக்குச் சமைப்பவள். ஆரம்பத்தில் குங்குமப்பூவைக் கொதிக்கிற பாலில் அள்ளிக் கொட்டி, ஒரு கல்யாணத்துப் பாயசத்தையே கஷாயமாக்கியவள்தான். அன்று வாங்கிய ஏச்சில் அந்தப் பூவின் குணம் அவளுக்குப் பிடிபட்டது. அது அவசரக்காரர்களுக்கு ஆகாது. நாலு இழையைச் சர்க்கரையோடு நுணுக்கி, வெதுவெதுப்பான பாலில் ஊறவிட்டு, மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கவேண்டும். அதுவாக மனசு வைத்தால் மணக்கும்.

அகிலாண்டத்தின் மருமகள் மாதங்கிக்கு வளைகாப்பு. டீச்சர் ஆன்லைனில் வாங்கிய டப்பாவை நீட்டினார்.

“பூராத்தையும் போட்டுரு கனகா. புள்ள செக்கச்செவேல்னு பொறக்கணும்.”

அடுப்படியில் இரண்டு இழையை ஈரக்கையில் வைத்துப் பார்த்தாள் கனகலட்சுமி. கை உடனே சிவந்தது. மணம் மருந்துக்கும் இல்லை. அத்தனையும் சாயம். கூடத்தில் நாற்பது பெண்கள். பந்தி நேரத்தில் வீட்டுக்காரியின் முகம் கறுக்கும்படி சமையல்காரி வாய்திறக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தான் வைத்திருந்த பூவை ஊறவைத்தாள். பால் இளமஞ்சளாக வந்தது. விருந்தாளிகள் போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தவள், பாத்திரம் கழுவி முடித்த களைப்பில் சொல்லாமலே கிளம்பிவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

மூன்றாம் நாள் சின்னச்சாமி போன் செய்தார். அழகர்கோவிலில் அவருடைய பேரனுக்குக் காதுகுத்து. முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

“யக்கா, தப்பா எடுத்துக்காதீக. வேற ஆளு பாத்துக்கிர்றோம்.”

“எதுக்குண்ணே?”

“சும்மாதேன்.”

அந்தச் சும்மாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்காமலில்லை. ஒரு வீடு சும்மா என்றால் அடுத்த பத்து வீடும் சும்மாதான். நேரே வில்லாபுரத்துக்குப் போய், டப்பாவை அகிலாண்டத்தின் முன்னால் வைத்தாள்.

“எடுத்தவ நாந்தேன் டீச்சரம்மா. ஏன் எடுத்தேன்னு பாருங்க. மாதங்கி, ரெண்டு கண்ணாடி கிளாஸ்ல வெதுவெதுன்னு தண்ணி கொண்டா தாயி.”

ஒன்றில் டப்பாவின் இழை, மற்றதில் தன்னுடையது. டப்பாவின் இழை விழுந்ததும் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

“பாத்தியா! எது ஒரிஜினல்னு இப்பத் தெரியுதா?” அகிலாண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒன்னோடது இன்னும் முழிச்சுக்கிட்டுக் கெடக்கு.”

“தெரியுது. காப்பி இருந்தாக் குடுங்க. கால் மணி நேரம் ஆகும்.”

குற்றம் சாட்டிய வீட்டிலேயே காப்பி கேட்டுக் குடித்தாள். சர்க்கரை கம்மி என்று வேறு சொன்னாள். பிறகு இரண்டு கிளாஸிலிருந்தும் இழைகளை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள். டப்பாவின் இழை சாயம் போய்த் தேங்காய் நார்போல் வெளுத்துக் கிடந்தது. அவளுடையது சிவப்பு மாறாமல் இருந்தது. அந்தக் கிளாஸ் தண்ணீர் மட்டும் பொன்மஞ்சள். வாசம் கூடம் முழுக்கப் பரவியது.

மாதங்கி வெளுத்த இழையைப் பார்த்தாள். “இதையா அத்த எனக்குக் குடுக்கச் சொன்னீங்க?”

அகிலாண்டம் வாத்தியார் ஆயிற்றே, ஒரு கேள்வி தோற்றால் அடுத்த கேள்வி. “சரி, இந்த மஞ்சத் தண்ணியக் குடிச்சா மட்டும் புள்ள செவப்பாப் பொறக்குமா?”

“நீங்க ஒங்க மகன வயித்துல வச்சிருக்கையில எம்புட்டுக் குடிச்சீங்க?”

“தெனம் ஒரு டம்ளர்.”

கனகலட்சுமி சுவரில் மாட்டியிருந்த மகனின் கல்யாண போட்டோவை நிதானமாகப் பார்த்தாள். கறுப்புக் கோட்டு எது, மாப்பிள்ளை எது என்று பிரிக்கச் சட்டைக் காலர் மட்டும்தான் உதவியது. மாதங்கி சிரித்த சிரிப்பில் வளையல்கள் குலுங்கின.

“பூ பாலுக்குத்தேன் நெறம் குடுக்கும் டீச்சரம்மா, புள்ளைக்கு இல்ல. ருசிக்குக் குடிங்க. இப்ப சின்னச்சாமி அண்ணனுக்குப் போனப் போடுங்க. நான் கேக்க, ஸ்பீக்கர்ல.”

அகிலாண்டம் போன் போட்டார். காதுகுத்து கைக்குத் திரும்பியது.

“மத்தவுகளுக்கு?”

“நானே ஒவ்வொருத்தர்ட்டயா சொல்லிர்றேன் கனகா.”

குழந்தை பிறந்துவிட்டது. பெண், மாதங்கியின் நிறம். பார்க்கப் போன கனகலட்சுமி, தொட்டிலுக்கு முன்பாக டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்களா?”

“எங்கம்மா! முட்டிவலி. படி ஏறி எறங்க முடியல.”

“திருட்டுப் பட்டம் கட்டையில முட்டி நல்லாத்தான இருந்துச்சு?”

அகிலாண்டம் லட்டை நீட்டினார். கனகலட்சுமி எடுத்துக்கொண்டாள்.

“லட்டு புள்ளைக்காக. அது வேற, இது வேற. அடுத்த வாரம் வாரேன்.”