கடலுக்குள் போன உடும்பு

முனிரத்தினத்தை வேறு எதற்காக வேண்டுமானாலும் திட்டலாம். பொடி போடுவார். செருப்பை வாசலுக்குக் குறுக்கே கழற்றி விடுவார். பேச ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவன் அவசரத்துக்கு எழுந்து போகக்கூட விடமாட்டார். ஆனால் படத்தில் இல்லாததைச் சொன்னார் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அடிக்கவே வந்துவிடுவார்.

ஊர் விஜயபுரத்துக்குப் பக்கம். அப்பா காலத்தில் சொந்தமாக ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது, எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிதான். இப்போது அவருக்கு அரை ஏக்கர் வேர்க்கடலை இருக்கிறது, ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையும் இருக்கிறது. கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டு அவருடையது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை, இருந்தாலும் வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அந்த சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்துதான் அவர் படக்கதை சொல்வார். ஒரு படம் போக வர இரண்டு நாள் ஓடும். சண்டையும் மழையும் பின்னணி இசையும் வாயாலேயே வரும். அழுகைக் காட்சி வந்தால் தெலுங்கில்தான் அழுவார். தமிழில் அழுதால் சிரிப்பு வந்துவிடுகிறதாம். படம் மோசமென்றால் மோசமாகவே சொல்வார். கடைசியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லேன் என்று யாராவது கேட்டால், "அவன் எடுக்காதத நான் எங்கேர்ந்து கொண்டாறது?" என்று முறைப்பார்.

இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே வந்தது. அப்போதெல்லாம் அவர்கள் தெருவில் ஒருவர் தியேட்டருக்குப் போய் வந்தால் தெருவே படம் பார்த்த மாதிரி. மறுநாள் வயலில் அவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டே கேட்பார்கள். பத்தொன்பது வயதில் முனிரத்தினம் புத்தூருக்குப் போய் மேட்னி ஷோவில் ஒரு வெள்ளைக்காரன் படம் பார்த்துவிட்டு வந்தார். தெலுங்கு டப்பிங். கடலோரத்தில் ஒரு கரண்டு ஃபேக்டரி சுடுதண்ணீரைக் கடலில் விட, அடியில் எந்தக் காலத்திலிருந்தோ கிடந்த முட்டை ஒன்று பொரிந்து, மலை அளவுக்கு ஒரு உடும்பு எழுந்து வருகிறது. அது யாரையும் தின்னவில்லை. குளிர் தாங்காமல் சூடான இடம் தேடி ஊர் ஊராகப் போகிறது, அவ்வளவுதான். அது போகிற வழியில் கட்டடம் இருந்தால் அது என்ன செய்யும்? சனங்கள் பயந்து சுடுகிறார்கள். கடைசியில் ஒரு காலை இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் போகிறது. தலை தண்ணீரில் முழுகியதும் திரையில் 'சுபம்' போட்டார்கள். வெள்ளைக்காரன் படம் இப்படித்தான் பொசுக்கென்று முடியும் என்று எல்லோரும் எழுந்து வந்தார்கள். அன்றுதான் படத்துக்குக் கடைசி நாள். மறுநாள் வேறு படம் மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கதையைக் கடலைக்காய் ஆய்கிற இடத்தில் சொன்னார். செடியிலிருந்து காயைப் பிய்த்துக்கொண்டிருந்த தனபாக்கியம் கையை நிறுத்திவிட்டு, அது செத்துப்போச்சா என்று கேட்டாள். சாகவில்லை, கடலுக்குள் போய்விட்டது என்றார். திரும்பி வருமா என்றாள். அது படத்தில் இல்லை என்றார். அந்த அறுவடை முடிவதற்குள் அதே கதையை அவரை மூன்று தரம் சொல்ல வைத்தாள். அதற்கு முந்தைய வருடம்தான் அவள் அப்பா மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போயிருந்தார். அது ஊருக்கே தெரியும், முனிரத்தினத்துக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கிற வயதா அது? தன் கதையை ஒரு பெண் மூன்று தரம் கேட்கிறாளே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடத்தில் கல்யாணம் நடந்தது.

அவள் அப்பா வரவேயில்லை. அம்மா பொட்டும் பூவுமாக இருந்தே போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் புரட்டாசி அமாவாசைக்குத் தனபாக்கியம் அம்மாவுக்கு மட்டும்தான் இலை போடுவாள். உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது படையல் போடுவார்களா என்பாள். முப்பது வருடமாக அந்த வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தால் அத்தோடு நின்றுவிடும்.

போன ஆவணியில் பஸ்ஸில் பிரவீன் ஒரு டிரெய்லரைக் காட்டினான். பிரவீன் ஊத்துக்கோட்டைக்காரன், இருபத்தாறு வயது, சத்தியவேட்டில் ஏறுவான். போனில் பார்த்தால் அதே உடும்பு. அதே படத்தின் அடுத்த பாகத்தை முப்பது வருடம் கழித்து எடுத்திருக்கிறார்கள். முனிரத்தினம் பொடி மட்டையைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த இரண்டு நாளும் பழைய கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி எல்லோரையும் தயார் செய்தார். அது சாகவில்லை, கடலுக்குள் இருக்கிறது, அதனால்தான் வருகிறது, பாருங்கள் என்றார். பழைய படம் டிவியில் வந்ததே, பார்க்கவில்லையா என்று ஒருத்தன் கேட்டான். தியேட்டரில் முழுசாகப் பார்த்ததை எதற்குப் பொட்டியில் சின்னதாகப் பார்க்க வேண்டும் என்று அவன் வாயை அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் காலைக் காட்சிக்குப் பதினோரு பேர் போனார்கள். தனபாக்கியம் வரவில்லை. அவர் வாயால் கேட்டால்தான் தனக்குப் படம் என்று சொல்லிவிட்டாள்.

விளக்கு அணைந்ததும் முதலில் பழைய படத்தின் காட்சிகளையே போட்டார்கள். வெளுத்துப்போன கலர், மேலே கோடு கோடாகக் கீறல். அந்த உறுமலைக் கேட்டதும் முனிரத்தினத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்தடுத்து வருகிற வசனத்தைத் திரைக்கு முன்னாலேயே அவர் வாய் தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. உடும்பு காலை இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. தலை முழுகியது. "அவ்ளோதான். இங்க சுபம்" என்று பக்கத்தில் இருந்த பிரவீனிடம் சத்தமாகவே சொன்னார்.

சுபம் வரவில்லை. கடலின் அந்தப் பக்கத்திலிருந்து கப்பல்கள் வந்தன, நாலாபக்கமும் குண்டு போட்டன. உடும்பு ஒருதரம் மேலே வந்து புரண்டது. தண்ணீர் சிவப்பானது. அதன் கண் மெதுவாக மூடிக்கொள்வதைத் திரை முழுக்கக் காட்டினார்கள். எல்லாம் அந்தப் பழைய கலரில், அந்தக் கீறலோடுதான். தியேட்டரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

"இன்னாண்ணா, உயிரோட கீதுன்ன?" என்று பிரவீன் காதில் கேட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் படம் ஓடியது. செத்ததன் குட்டி ஒன்று வந்தது, பெரிய பெரிய நகரமெல்லாம் இடிந்தது, சீட்டே அதிர்ந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதில் என்ன நடந்தது என்று முனிரத்தினத்தால் சொல்ல முடியவில்லை. கூட வந்தவர்கள் விடுவார்களா? திரும்பி வருகிற வழியெல்லாம் ஓட்டினார்கள். இத்தனை நாளாகச் சொன்னதில் எத்தனை கதை சொந்தச் சரக்கு என்று ஒருத்தன் கேட்டான். நன்றாகக் காது குத்திவிட்டார் என்றான் இன்னொருத்தன். அவருக்கு மானமே போனது. தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டதா என்று வேறு பயம் பிடித்தது.

அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சின்னப்பனிடம் போனார். சின்னப்பன் தனபாக்கியத்தின் அண்ணன். அந்தக் காலத்தில் அவர் தியேட்டரில் பெட்டி தூக்கினவர். ஒரே படத்தின் ஃபிலிம் பெட்டிகளை வைத்து நகரியிலும் புத்தூரிலும் ஓட்டுவார்கள். நகரியில் ஒரு மணி நேரம் முன்னால் படம் ஆரம்பிக்கும். ஒவ்வொரு பெட்டியாக அங்கே ஓடி முடிந்ததும் சின்னப்பன் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு புத்தூருக்குப் பறப்பார். புத்தூரில் அந்தப் படத்துக்கு இரண்டு முடிவா இருந்தது என்று அவரிடம் கேட்டார் முனிரத்தினம்.

சின்னப்பன் கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே இருந்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது, அவர் ஓட்டையை அடைக்கவில்லை.

"அன்னிக்குக் கடைசிப் பெட்டி புத்தூருக்கு வர்ல, மாப்ள. நான்தான் கொண்டார்ல."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு நகரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, காணாமல் போன தன் அப்பாவைப் பார்த்திருக்கிறார். பழக்கடையில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பொம்பளை, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, நைனா என்று கூப்பிட்டார். அவர் திரும்பி நன்றாகப் பார்த்துவிட்டு, யாருப்பா நீ, ஆள் மாறிப் பேசுறே என்று சொல்லித் திருத்தணி பஸ்ஸில் ஏறிவிட்டார். சின்னப்பன் பெட்டியோடு திருத்தணி வரைக்கும் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போயிருக்கிறார். ஜன்னலில் இருந்தவர் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. புத்தூர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டி வராததால் ஆபரேட்டர் கையில் இருந்த சுபம் ஸ்லைடைப் போட்டு ஆட்டத்தை முடித்திருந்தான். அன்றோடு வேலையும் போனது. முதலாளியோடு சண்டை என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

"அவர்தானா, மச்சான்? நல்லா பாத்தியா?"

"எங்க நைனாவ எனக்குத் தெரியாதா?" என்றார் சின்னப்பன். கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா பொட்டோட போய்ச் சேந்துச்சி. தங்கச்சி இன்னும் வருவாருன்னு கீது. இது உன்னோட போவட்டும், மாப்ள."

வீட்டுக்கு வந்ததும் தனபாக்கியம் கேட்ட முதல் கேள்வி, அது வந்ததா என்பதுதான். வந்தது, தலைவலிக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டார். தூக்கம் வரவில்லை. பெட்டி வரவில்லை என்று பஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன மானம் திரும்பி வந்துவிடும். ஆனால் அதே பஸ்ஸில் பக்கத்து வீட்டு மஞ்சு வருகிறாள். சாயங்காலத்துக்குள் விஷயம் தனபாக்கியத்துக்கு வந்துவிடும். யார் கொண்டுவர வேண்டிய பெட்டி என்று அவளுக்குத் தெரியும். அண்ணனிடம் போய் இரண்டு கேள்வி கேட்பாள். சின்னப்பன் முகத்தில் பொய் நிற்காது. அதற்கு மேல் அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் வந்தது. அவர் சீட்டில் யாரும் உட்காரவில்லை, வேண்டுமென்றே காலியாக விட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் அதில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தியவேட்டில் பிரவீன் ஏறுகிற வரைக்கும் அப்படியே நின்றார். அவனும் வந்த பிறகு சொன்னார்.

"பழைய படத்துலயும் அது செத்துச்சி. நான்தான் மாத்திச் சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. இவர் வாயிலிருந்து இப்படி வரும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. எதுக்குண்ணா என்று பிரவீன் கேட்டான், கிண்டலே இல்லாமல். சும்மாதான் என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பத்தொன்பது வயதிலிருந்து கதை சொல்கிறார். இல்லாத ஒன்றை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, மஞ்சு வந்துவிட்டுப் போயிருக்கிறாள். தனபாக்கியம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அப்பவே செத்துப்போச்சாமே" என்றாள்.

அவர் செருப்பைக் குறுக்கே கழற்றிவிட்டு நின்றார்.

"எங்க நைனா போன மறுவருசம் அது. நான் அழுவேன்னுதான மாத்திச் சொன்ன?" என்றாள். "பத்தொம்பது வயசுல உனக்கு அவ்ளோ ரோசன இருந்துச்சாயா? முப்பது வருசமா ஒரு வார்த்த சொல்லாம வச்சிக்கினு இருந்திருக்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்குத் தான் ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வயதில் அவருக்கு அவள் அப்பாவின் நினைப்பே வரவில்லை, கதையைத் தவிர எந்த நினைப்பும் இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால், பின்னே எதுக்கு மாத்தின என்று அடுத்த கேள்வி வரும். மூடிக்கொண்டார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீரைக் காம்புகளை ஒதுக்கினாள்.

"வர்ற அமாவாசைக்கு எங்க நைனாக்கும் ஒரு எல போட்டுடலாமா?" என்று கேட்டாள். "அதுவே செத்துப்போச்சி. இன்னும் எத்தினி நாளு பாத்துக்கினு இருக்கறது?"

முனிரத்தினம் அவளைப் பார்த்தார். நகரி பஸ் ஸ்டாண்டும் பழக்கடையும் திருத்தணி பஸ்ஸும், தான் பார்க்காத படம் மாதிரி, கண் முன்னால் வந்து போயின.

"போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.