டிஷ்யூ பெட்டியை நீட்டாதீர்கள்

அழுகிறவர் கையில் டிஷ்யூவைத் திணிக்கக் கூடாது. வெர்னா லாட்டியின் வகுப்பில் இதுதான் முதல் பாடம். பெட்டியைக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எடுத்து நீட்டினால், போதும், கண்ணைத் துடை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சும்மா இருப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பேசுவதற்கென்று கனடாவின் தண்டர் பே ஊரில் ஒரு தொலைபேசி உண்டு. அதை எடுக்கப் போகும் தன்னார்வலர்களுக்கு முப்பத்திரண்டு வருடமாக வெர்னாதான் பயிற்சி கொடுக்கிறாள். நர்ஸ், டீச்சர், மளிகைக் கடைக்காரி என்று எத்தனையோ பேர் வந்தார்கள். எதிரே ஒருத்தி அழுதால் எல்லாருக்கும் கை பரபரக்கும்.

இந்தச் சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு. அடுத்த மாதத்திலிருந்து பயிற்சி கம்ப்யூட்டரில் நடக்குமாம். வீட்டில் இருந்தபடியே பொத்தானை அழுத்திக் கற்றுக்கொள்ளலாமாம். கற்றுக்கொள்ளட்டும், நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். வெர்னா வழக்கம் போல இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு தடவிய பெர்ஷியன் பன் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம், இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விஷயம் பழையது. அந்தத் தொலைபேசியை ஆரம்பித்த காலத்தில் அவளும் தோழி பெர்னிஸும் இன்னும் நாலு பெண்களும்தான். லூத்தரன் சர்ச்சின் நிலவறையில் ஓர் அறை, யாரோ கொடுத்த, நாய் வாடை போகாத ஒரு சோபா. அந்த வாடையை நினைத்தால் வெர்னாவுக்கு இப்போதும் நெஞ்சு இளகிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் வரும் அழைப்புகளை முறை வைத்து அவரவர் வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். வெர்னாவுக்குச் செவ்வாய்க்கிழமை. போன் அடித்ததும் நீள ஒயரை இழுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். அம்மா தனியாகச் சாக்லேட் தின்கிறாள் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்.

ஒரு நவம்பர் செவ்வாய், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். பனி விழ ஆரம்பித்ததைப் பற்றிப் பேசினாள். கார் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றாள். இருபது நிமிடம் இப்படியே. பிறகு, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் மீன் தீயும் வாடை. சின்னவன் அலறினான். கணவர் கார்ல் கதவைத் தட்டினார்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறந்திடுவோம். அப்ப கூப்பிடுறீங்களா?" என்றாள் வெர்னா.

"சரி, பரவாயில்ல" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் எட்டு மணிக்கே போய் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வாரம் அப்படி உட்கார்ந்தாள். அந்தக் குரல் திரும்ப வரவே இல்லை.

பெர்னிஸ் ஒருத்தியிடம்தான் சொன்னாள். பெர்னிஸ் சமாதானமெல்லாம் சொல்லவில்லை. "இதை வகுப்புல சொல்லுடி. நீ பட்டதாவது நாலு பேருக்கு உதவட்டும்" என்றாள். வெர்னா சொன்னாள்தான். ஆனால், "அந்தக் காலத்துல ஒரு தன்னார்வலர் இருந்தாங்க" என்று சொன்னாள். பெர்னிஸ் ஒவ்வொரு வருடமும் கேட்பாள், "என்னடி, இந்த வருஷமும் அந்த ஒரு தன்னார்வலர்தானா? நமக்கெல்லாம் முடி நரைச்சாச்சு, அவளுக்கு மட்டும் வயசே ஆகல பாரு!" பெர்னிஸ் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கேலி செய்யக்கூட ஆள் இல்லை.

கடைசிப் பயிற்சியில் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடுவார்கள். போனில் முகம் தெரியாது அல்லவா, அதற்காக. அழைப்பவளாக வெர்னா. எடுப்பவளாக டோரீன் கோஸாக். இருபத்துநாலு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், வாய் ஓயாதவள். ஏழு வாரமாக எல்லாப் பயிற்சியிலும் குறுக்கே பேசித் தோற்றவள். மற்ற ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

வெர்னா பனியைச் சொன்னாள். காரைச் சொன்னாள். டோரீன் "ம்" மட்டும் கொட்டினாள். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் வெர்னா.

எல்லா வருடமும் இந்த இடத்தில் நேரம் முடிந்தது என்று கைதட்டி எழுந்துவிடுவாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியாதே. இன்று கை எழவில்லை.

"இருக்கேன்" என்றாள் டோரீன்.

வெர்னா ஸ்வெட்டர் கை நுனியை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எங்கயும் போகல. மெதுவாச் சொல்லுங்க."

"அந்தத் தன்னார்வலர்" என்றாள் வெர்னா. "அது நான்தான். நான்தான் அவளை நாளைக்குக் கூப்பிடுன்னேன்."

சொன்னதுதான் தாமதம், பிடித்துவைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. அறுபத்தெட்டு வயதுக்காரி மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். டிஷ்யூ பெட்டி மேசைமேல்தான் இருந்தது. ஆறு பேரும் கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார்கள்.

"அடப்பாவிகளா, ஒருத்தியாவது அதை இந்தப் பக்கம் தள்ளக் கூடாதா?"

"மாட்டோம்" என்றாள் டோரீன், திரும்பாமலே. "கை எட்டுற தூரத்துலதான் இருக்கு."

வெர்னாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. பெர்னிஸ் இருந்திருந்தால் சோபாவில் விழுந்து புரண்டிருப்பாள்.

"நாங்க யாரும் போதும்னு சொல்லல, வெர்னா" என்றாள் டோரீன். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

வெர்னா ஸ்வெட்டர் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் மீன் இருந்தது என்று ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.