ஐஸ் கம்பெனியின் வெள்ளைப் பஞ்சு

காலை ஆறு நாற்பது. கோவளத்தில் அத்தை குத்தகைக்கு எடுத்திருந்த பழைய ஐஸ் கம்பெனியின் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை, வெள்ளைப் பூச்சு சுற்றிய குழாய்கள். மாவுக்கட்டு போட்ட கைகளைப்போல இருந்தன. வளைவுகளில் பூச்சு வெடித்து, உள்ளிருந்து பஞ்சு நார் நாராகத் தொங்கியது. தரையில் பொடி. கதவு திறந்த காற்றில் அதில் கொஞ்சம் எழும்பி, வெயில் விழுந்த இடத்தில் மிதந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஏலத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் கூடுவாஞ்சேரி வரை கொண்டுபோய் விற்றவர். மிஞ்சும் மீனை வைக்கத் தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எங்கள் குப்பத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில் யாராவது பழைய கட்டடத்தைப் பிரித்தால் அக்கம்பக்கம் மொத்தமும் வந்து கை கொடுக்கும். கூலி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. பிரித்ததில் வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். மறுநாளுக்கு அப்படித்தான் எல்லாரையும் அழைத்திருந்தார். குழாய்ப் பஞ்சுக்குத்தான் கிராக்கி அதிகம். கம்பெனியில் குளிரைக் காத்தது, மீன்காரியின் ஐஸ் பெட்டியிலும் காக்காதா? எதிர்வீட்டுச் சின்னம்மா முதல் நாளே ஒரு சாக்கு அள்ளிப்போய்த் தன் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்.

நிருபர் வேலையில் பழைய ஆலைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்தக் காலத்துக் குழாய்ச் சுற்றுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் இருக்கலாம். உடையாமல் ஒட்டியிருக்கும்வரை ஆபத்து குறைவு. உதிர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். நோய் தலைகாட்டப் பல வருடங்கள் ஆகும். அத்தையை வெளியே அழைத்து இதைச் சொன்னேன்.

"இது அதானா?"

"பாத்து சொல்ல முடியாது அத்த. கண்ணாடிப் பஞ்சாவும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணணும்."

"பேப்பர்காரன் உனக்கே தெரியலன்னா, நாளைக்கு வர்றவங்களுக்கு நான் இன்னாத்தடா சொல்றது?"

அழைத்தவர்களை வர வேண்டாம் என்பது எங்கள் பக்கம் பெரிய அவமானம். ஆனாலும் அத்தை கதவை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். நேரே சின்னம்மா வீட்டுக்கு நடந்தார்.

"இன்னாக்கா, குட்த்தத திரும்பக் கேக்கற? நல்லாவா கீது?"

"நல்லா இல்லதான். என் புதுப் பெட்டிய எடுத்துக்கோ. இத பொட்டியோட குட்த்துடு."

எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் போனில் சொன்னபடி, துடைப்பத்தைத் தொடாமல், பஞ்சின் மேல் மெதுவாகத் தண்ணீர் தெளித்து, பெட்டியை முழுசாக இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டினோம்.

மறுநாள் யாரையும் அத்தை தடுக்கவில்லை. கம்பெனியை விட்டுத் தள்ளி, மணலில் பாய் விரித்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார். விஷயத்தையும் சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். "பஞ்சப் பாத்து பயந்துகினு, வேல வாங்காம சோறு போடற மொதலாளி எங்கக்கா ஒருத்திதான்" என்றார் சின்னம்மா.

"துன்னுட்டுப் பேசுடி" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார் அத்தை. அன்று அவர் முகத்தில் வருத்தம் எதையும் நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த அறையில் புதுக் குழாய்கள் ஓடுகின்றன. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்தபடி அத்தை உட்கார்ந்திருக்கிறார்.

அன்று விருந்து முடிந்த பிறகே முகமூடி அணிந்த ஆள் வந்து சோதனைக்கு மாதிரி எடுத்துப்போனார். அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. குழாய்ச் சுற்றிலும் சின்னம்மாவின் பெட்டியிலும் இருந்தது கல்நார்.