ஜெயபாரதியின் இரும்பு

பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து, அந்தக் கருந்தூளைக் கட்டைவிரலால் எடுத்து, கதாயுதத்தின் குமிழ்களில் பூசிக்கொண்டிருந்தாள் ஜெயபாரதி. வாசலில் சிலிண்டர்காரர் குரல் கேட்டது. எழுந்துபோய், "அண்ணா, சித்தெ இதப் புடிங்க, கேட்டத் தொறந்துடறேன்" என்று கம்பிக்கு மேலாக அதை நீட்டினாள். தினமும் சிலிண்டர் தூக்குகிற மனிதர் காலை அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். கதாயுதம் கையோடு எகிறி அவர் மோவாயில் முட்டியது. செருப்புக்குப் போடுகிற நுரை ரப்பர்தான் அது. கோழி இறகைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் எடை.

"ஏனம்மிணி, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா!"

சாமளாபுரத்தில் அவளிடம் இப்படி ஏமாறாத ஆள் அநேகமாக இல்லை.

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கும் கோயில் நாடகத்துக்கும் கிரீடம், கேடயம், வாள் கேட்டு அவளைத் தேடி வருகிறார்கள். நுரையை வெட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி, பசை பூசி, முதலில் முழுக்கக் கறுப்படித்து விடுவாள். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். பிறகு பனியன் வேஸ்ட் துணியில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டு, அதைப் பழைய பேப்பரில் ஒற்றி ஒற்றி, இனித் துணியில் ஒன்றுமே இல்லை என்கிற நிலையில் விளிம்பில் மட்டும் உரசுவாள். பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேட்டில் வெள்ளி மினுங்கும். கடைசியாகச் செங்கல் பொடியும் டீ டிகாஷனும் கலந்து அங்கங்கே துரு.

"வெறும் சில்வர் அடிச்சா அது தகர டப்பாங்க. இரும்புன்னா நாலு எடம் அழுக்கா இருக்கோணும். நாமெல்லாம் இல்லீங்களா, அந்த மாதிரி."

முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். ஊசி ஓட்டை தேடிப் பழகிய கண் இப்போது உலோகத்தில் அலைகிறது. பஸ்ஸில் ஏறினால் கைப்பிடிக் கம்பி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். கல்யாண வீட்டில் பக்கத்துப் பெண்ணின் வளையலை அவள் உற்றுப் பார்க்க, அந்தப் பெண் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

போன மாதம் குண்டடம் பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் ஆண்டு விழா. தொழிலாளர்களே சூரசம்ஹார நாடகம் போடுகிறார்கள். சூரபத்மனின் வாள் இவள் கைவேலை. கணவன் மணியன் வண்டியோட்ட, பின்னால் உட்கார்ந்து வாளைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தாள். காற்றில் துணி விலகி, துருவேறிய முனை வெளியே நீட்டிக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை. அவிநாசிபாளையம் பிரிவில் வாகனச் சோதனையில் நின்றிருந்த சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது. தெற்கத்திக்காரர்.

"யார வெட்டப் போறீய?"

"நாடகத்துக்குங்க சார். நுரைங்க. கையில எடுத்துப் பாருங்க."

"யாரும் தொடாதிங்க! கைரேகை அழிஞ்சிரும்." வாளைத் துணியோடு ஜீப் பானெட்டின்மேல் வைக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். "இது பழைய ஆயுதம்லா? ரத்தக்கறை மாதிரி இருக்கு."

"டீங்க சார்."

மணியன் கடிகாரத்தைப் பார்த்தான். நாடகம் தொடங்க அதிக நேரமில்லை. "அம்மிணி, மடக்கிக் காட்டீரு. போயிர்லாம்."

மடக்கினால் ரப்பர் என்று தெரிந்துவிடும். கூடவே பெயிண்ட் வெடித்து வாளின் நடுவில் வெள்ளைக் கோடு விழும். ஜெயபாரதி வாளைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டிவருமோ என்ற கலக்கம் இருந்தது. ஆனால் ஒரு போலீஸ்காரரே தொடப் பயப்படுகிறார் என்ற சந்தோஷம் அந்தக் கலக்கத்தையும் மீறிக் கன்னத்தில் குழிந்தது.

"மடக்க மாட்டனுங்க."

"என்னம்மா சிரிக்கிய? வண்டியில ஏறு, ஸ்டேஷன்ல பேசிக்கிடலாம்."

அப்போதுதான் தாராபுரம் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி உரசுவதுபோலப் போனது. அதன் காற்றில் துணி புடைத்தது. வாள் பானெட்டிலிருந்து எழுந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, காகிதப் பட்டம்போலச் சாலையோரம் பறந்தது. கூட நின்ற கான்ஸ்டபிள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "முனையப் புடிக்காதீங்க சாமி! முனைய வுட்ருங்க!" என்று ஜெயபாரதி அவர் பின்னால் ஓடினாள். வேலாமரத்து முள்ளில் சிக்கி நின்றது வாள்.

கான்ஸ்டபிள் ஒற்றை விரலில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் தூரத்துக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெளம்புங்க" என்றார். பிறகு தாங்காமல், வாளின் அலகை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.

வாளில் முள் கீறிய இடத்தை ஜெயபாரதி வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது. சண்டையில பட்டாப்பல." மணியன் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நாடகம் முடிய வேண்டும். சூரபத்மன் வேஷம் கட்டிய, கம்பெனியில் துணி தேய்க்கிற அயர்ன் மாஸ்டர் மாரப்பன், மேடையில் கர்ஜித்து வாளைச் சுழற்றியபோது முன்வரிசைக் குழந்தைகள் பின்னால் நகர்ந்தன. பந்தலின் பின்பக்கம், சாப்பாட்டு மேசையருகே நின்றிருந்த ஜெயபாரதிக்கு மட்டும் ஒரு கவலை வந்தது. முருகனின் வேல் பட்டதும் சூரபத்மன் வாளைக் கீழே போட்டுவிட்டுச் சாய வேண்டும். ரப்பர், பலகையில் விழுந்தால் சத்தமே வராது. அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

வேல் பாய்ந்தது. மாரப்பன் விரல்களை விரித்தார்.

ணங்ங்!

விசிலும் கைத்தட்டலும் பந்தலைத் தூக்கின. மணியன் மட்டும் திரும்பிப் பார்த்தான். ஜெயபாரதி குனிந்து, சிமெண்டுத் தரையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த எவர்சில்வர் தட்டைக் காலால் மிதித்து அமர்த்தினாள். "கைதவறிருச்சுங்க" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லி, அதை எடுத்து முந்தானையால் துடைத்து, அடுக்கின் அடியில் செருகி வைத்தாள்.