வாசலின் தடவிய கண்ணாடி

அவருக்குப் பஞ்சு என்ற பெயர் படங்களால் வந்தது. அவருடைய ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த முகம் எதுவானாலும் பஞ்சில் பொதிந்து வைத்த மாதிரி மெத்தென்று இருக்கும். அம்மைத் தழும்பு, கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் கரைந்துபோகும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு. அதில் விரல்நுனியால் வாசலின் களிம்பை மெல்ல இழுப்பார், அவ்வளவுதான். மீதியை இருட்டறையில் பார்த்துக்கொள்வார். நைந்த காலர், முறைத்துக்கொண்டு நிற்கும் மாமியார், எதுவும் பிரிண்டில் வராமல் ஓரத்தை வெட்டிவிடுவார். "பஞ்சண்ணே, படத்துல இருக்கறது யாருன்னு என் பொண்டாட்டியே சண்டைக்கு வர்றா" என்று தையல்காரர் வந்து புலம்பியதைச் சொல்லித் தெருவே சிரித்தது.

அவருக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அவரே வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மூன்றாவது கல்யாண நாளுக்கு இருவரும் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். விளக்கைத் திருப்பும்போதுதான் பஞ்சு கவனித்தார். தங்கையின் இடது கண்ணுக்குக் கீழே, பவுடரையும் மீறி, நீலம் பாரித்திருந்தது.

மாப்பிள்ளை தலைவாரப் பக்கத்து அறைக்குப் போனார்.

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேண்ணா."

"எந்தக் கதவு?"

அவள் பக்கத்து அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட எதுவும் கேட்டுடாத. வீட்டுக்குப் போனா அதுக்கும் சேத்து நான்தான் வாங்கணும். தெரியாத மாதிரி எடுத்துடுண்ணா. உன்னால முடியாததா?"

வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாசலின் தடவினார். மாப்பிள்ளை அவள் கையை முழங்கைக்கு மேலே பிடித்திருந்தார். விரல்கள் சதையில் அழுந்தியிருந்தன. பிரிண்ட் போடும்போது பஞ்சு அந்தக் கை வராமல் படத்தைத் தோளோடு வெட்டி நிறுத்திக்கொண்டார். படம் அருமையாக வந்தது. தங்கை அதைக் கூடத்தில் மாட்டினாள்.

பதினோரு மாதம் கழித்து அவள் மாடிப்படியில் விழுந்து இறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னார். பஞ்சு நேரே போலீசுக்குப் போனார். வழக்கு நடந்தது. மாப்பிள்ளையின் வக்கீல் அந்தப் படத்தைத்தான் நீதிபதியிடம் கொடுத்தார்.

"நீங்க எடுத்த படம்தானே? இதுல காயம் எங்க இருக்கு, காட்டுங்க."

"இருந்துச்சுங்க. நான்தான் மறைச்சேன்."

"அடிபட்ட தங்கச்சியைப் பாத்துட்டு, படம் எடுத்து அதே ஆளோட அனுப்பி வச்சீங்களா?"

"ஆமாங்க" என்றார் பஞ்சு.

நெகட்டிவை முழுசாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வெட்டி எறிந்த கை அதில் இருந்தது. ஆனால் வாசலின் வழியாக வந்த கை. ஆசையாகத் தொடுவது போலத்தான் தெரிந்தது. நீதிபதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை விடுதலையானார். இரண்டு வருடத்தில் வேறு பெண் பார்த்தார். பஞ்சு விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். "கோர்ட்டே விட்டுடுச்சேங்க. நாங்க என்னத்தைச் சொல்றது?" என்றார். கல்யாணம் நடந்தது.

பஞ்சு ஸ்டூடியோவை மூடினார். பிறகு அரசு மருத்துவமனையில், போலீஸ் வழக்குகளுக்குக் காயங்களைப் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். காயத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து, எதையும் வெட்டாமல், ஒவ்வொரு கீறலும் தெரிய எடுப்பார். அவற்றால் சில வழக்குகள் ஜெயித்தன, பல தோற்றன. அங்கே வரும் பெண்களில் பாதிப்பேர் கேமராவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நர்ஸ் அதட்டினால் பஞ்சு தடுப்பார்.

"அவசரமில்லம்மா. எப்ப முடியுதோ அப்ப திரும்புங்க. நான் நிக்கறேன்."

சில நாள் ஒரு மணி நேரம்கூட நிற்பார்.