அம்மாவின் மூச்சும் சுவரின் ஈரமும்

மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு அம்மா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் இருமல் தொடங்கியது. தெருத்தெருவாகக் கூவி விற்கும்போது வராத இருமல் வீட்டுக்குள் வந்தது. அந்த வித்தியாசத்தை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் திரேஸ்புரத்தில் யாருக்கு இருமல் வந்தாலும் பழி துறைமுகத்து நிலக்கரித் தூசி மேல்தான். அப்பா ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாளை ஆணியடித்து மூடினார். இருமல் கூடியது. இன்னொரு தாள் அடித்தார்.

மில்லர்புரத்து மருத்துவர் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்தார். ஆஸ்துமா என்றார். இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் சிறு கருவி) தந்தார். அது இழுப்பைத் தணித்ததே தவிர நிறுத்தவில்லை.

பிறகு சித்தி மகள் கல்யாணத்துக்காக அம்மா, கடல் இல்லாத பனங்காட்டு ஊரான சாத்தான்குளம் போய் ஒரு வாரம் தங்கினாள். அங்கே இருமலே இல்லை! திரும்பி வந்த அன்றே நெஞ்சு இரைந்தது. அப்படியானால் கோளாறு எங்கள் வீட்டுக்குள்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மருத்துவரிடம் பேசுவது என் வேலை. ஓடினேன்.

"வீட்டுல ஈர வாடை அடிக்குதா தம்பி?"

"வெள்ளம் புகுந்தப்ப சுவர் ஊறிப்போச்சு டாக்டர். அதுமேல பிவிசி பலகை அடிச்சு மறைச்சிட்டோம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பூஞ்சை இருக்கும். நீங்களா சுரண்டாதீங்க, காத்துல பரவிரும். ஆளக் கூப்பிட்டுச் செய்ங்க. வேலை நடக்கும்போது அம்மா அங்கன இருக்கக் கூடாது. அதுலயும் சரியாகலேன்னா, அவங்க வீட்ட மாத்தத்தான் வேணும்."

அம்மா கொதித்துவிட்டாள். "தெருவுலயே நம்ம சுவருதாம்லே பளபளன்னு இருக்கு. அதப் பிரிக்கணுமாக்கும்?"

"இல்லேன்னா நீ சாத்தான்குளத்துக்குப் போயிரணும்மா."

"அங்கன போயி என்ன, பனையிலயா மீன் புடிக்க?"

அங்கே பிழைப்பு இல்லை என்று அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்லிக்கொண்டாள். மறுநாள் சம்மதித்தாள்.

பூஞ்சை அகற்றுவதையே தொழிலாகச் செய்யும் குழு வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "ஏளா, பாத்தியா? நிலாவுக்குப் போறவங்க வழி தப்பி நம்ம வீட்டுல எறங்கிட்டாங்க" என்றாள்.

அறையைப் பிளாஸ்டிக் திரையால் அடைத்து, காற்றை வடிகட்டும் இயந்திரத்தை ஓடவிட்டுப் பலகையைப் பிரித்தார்கள். பின்னால் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. முகமூடியோடு வாசலில் நின்றிருந்த நான், "இதுதான்! இதேதான்!" என்று கத்தினேன். நோய்க்கு ஒரு முகம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

கெட்டுப்போன சுவர்ப்பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார்கள். தூசியை உறிஞ்சி, துடைத்து, உலர்த்தி, கருவி வைத்து ஈரத்தை அளந்தார்கள். வெளிச்சுவர் விரிசலையும் அடைத்தார்கள்.

"அண்ணாச்சி, ஜன்னல மூடி ஈரத்த உள்ளயே பூட்டிட்டீங்க" என்றார் குழுத்தலைவர்.

"அப்போ கரி?"

"கரி பறக்கும்போது மூடுங்க. மத்த நேரம் தொறந்து வைங்க."

அப்பா சுத்தியலை எடுத்து ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

அம்மா வீட்டுக்குத் திரும்பினாள், இருமல் அடங்கியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: ஆஸ்துமா போய்விடவில்லை. அதைத் தூண்டியதுதான் போனது. இன்ஹேலர் இன்னும் இருக்கிறது. அளவைக் குறைத்தவர் மருத்துவர், நாங்கள் அல்ல.

இந்த மழைக்காலத்தில் ஒரு மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சின் இரைச்சலைக் கேட்டே பொழுதைக் கழித்துப் பழகியவன் நான். அன்று சத்தமே இல்லை. நேரம் அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது. பதறிப்போய் அவள் மூக்கடியில் விரலை வைத்தேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நா ஒண்ணும் சாவல. ஒறங்க விடுலே."